டிரான்ஸ்ஃபர், பார்க், க்யூ: அலுவலக போனில் எதைப் பழக்குவது?

இருபது எக்ஸ்டென்ஷன் (அலுவலகத்துக்குள் இருக்கும் கிளை போன்) வேண்டும் என்று, அவற்றை இணைக்கும் பெட்டியான இ.பி.ஏ.பி.எக்ஸ். விசாரிக்கப் போனால், விற்பவர் நீட்டும் தாளில் வசதிகள் பக்கம் பக்கமாக இருக்கும். அன்றாடம் கை படுவது அவற்றில் ஐந்தாறுதான். அதிலும் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று வழிகள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று வரும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எடுக்க வேண்டியவர் எடுக்காவிட்டால் அந்த அழைப்பு யார் தலையில் விழும்?

முதலில் டிரான்ஸ்ஃபர். "லைன்ல இருங்க சார், அக்கவுண்ட்ஸுக்குத் தர்றேன்" என்று சொல்லி, எண்ணைத் தட்டி, உடனே ரிசீவரை வைத்துவிட்டால் அது பிளைண்ட் டிரான்ஸ்ஃபர். அங்கே ஒருவர் எடுக்கும்வரை காத்திருந்து, யார் பேசுகிறார், என்ன விஷயம் என்று சொல்லிவிட்டு வைத்தால் அட்டெண்டட். பழைய அனலாக் பெட்டியில் இரண்டுக்கும் விரல் வேலை ஒன்றுதான்: ஃப்ளாஷ் பொத்தான், பிறகு எக்ஸ்டென்ஷன் எண். ரிசீவரை எப்போது வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். கணினியையே இந்தப் பெட்டியாக்கும் மென்பொருள் ஆஸ்டெரிஸ்க்; அதன் மேல் ஓடும் ஃப்ரீபிபிஎக்ஸில் ## பிளைண்டுக்கு, *2 அட்டெண்டடுக்கு.

பிளைண்ட் வேகமானது, ரிசப்ஷனில் இருப்பவருக்குச் சில விநாடிகளில் கை விட்டுப்போகும். ஆனால் அக்கவுண்ட்ஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தால்? ரீகால் நேரம் வைத்திருந்தால் அழைப்பு ரிசப்ஷனுக்கே திரும்பி வரும். அப்படி எதுவும் அமைக்காமல், வாய்ஸ்மெயிலும் இல்லாமல் விட்டிருந்தால் கட் ஆகிவிடும். அதனால் தனி நபருக்கு எப்போதும் அட்டெண்டட், ஒரு குழுவுக்கு அனுப்பும்போது மட்டும் பிளைண்ட் என்று பழக்குவதே சரி.

ஹோல்டா, பார்க்கா என்பது இடத்தைப் பொறுத்தது. ஹோல்டில் போட்ட அழைப்பு போட்ட போனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க் செய்தால் பொதுவான ஓர் எண்ணில் போய் நிற்கும், யார் வேண்டுமானாலும் எந்த போனிலிருந்தும் எடுக்கலாம். ஆஸ்டெரிஸ்கின் மாதிரி அமைப்பில் 700க்கு அனுப்பினால் 701 முதல் 720 வரை காலியாக உள்ள ஓர் எண்ணில் நிறுத்தி, அந்த எண்ணை நமக்குச் சொல்லும். "குடோன்ல யாராவது 701 எடுங்க" என்று குரல் கொடுத்தால் போதும். 45 விநாடிக்குள் யாரும் எடுக்காவிட்டால் நிறுத்தியவருக்கே திரும்பிவிடும். பின்பக்கக் குடோனிலிருந்து நடந்து வருபவருக்கு 45 விநாடி போதாது, 90 ஆக்கிவிடுங்கள். எல்லோரும் அவரவர் நாற்காலியிலேயே இருக்கும் அலுவலகத்தில் பார்க் வெறும் அலங்காரம்.

ஒரு பிரிவுக்கு வரும் அழைப்பைப் பலருக்குப் பகிர்வதில் பெரிய சண்டை ரிங் குரூப்புக்கும் க்யூவுக்கும்தான். ரிங் குரூப்பில் விற்பனைப் பிரிவின் நான்கு போன்களும் ஒன்றாக அடிக்கலாம், அல்லது ஹன்ட் முறையில் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கலாம். ஹன்ட் பார்க்க ஒழுங்காகத் தெரியும். ஆனால் இந்தியாவில் யாரும் எடுக்காத அழைப்பு எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் வரையறை வைத்தது: மொபைலுக்கு 30 விநாடி, லேண்ட்லைனுக்கு 60. ஆளுக்கு 20 விநாடி வீதம் நான்கு பேர் என்று அமைத்தால் 80 விநாடி ஆகிறது. நான்காவது ஆளின் போன் அடிப்பதற்குள் நேரம் முடிந்திருக்கும். அந்த மேஜைக்கு ஏன் அழைப்பே வருவதில்லை என்று பிறகு ஆராய்ச்சி நடக்கும்! ஹன்ட் வேண்டுமென்றால் ஆளுக்கு 12 விநாடி கொடுங்கள், அல்லது எல்லாவற்றையும் சேர்த்து அடிக்க விடுங்கள்.

அழைப்பவர்களை வரிசையில் நிறுத்தும் க்யூவில் இந்தத் தொல்லை இல்லை. கணினியே முதலில் எடுத்துப் பேசிவிடுவதால் மணி அடிக்கும் கெடு அங்கேயே முடிந்துவிடுகிறது. நால்வரும் பேசிக்கொண்டிருந்தால் ஐந்தாவது வாடிக்கையாளர் இசை கேட்டுக் காத்திருப்பார். ரிங் குரூப்பாக இருந்தால் அவருக்கு பிஸி டோன், அல்லது நாம் காட்டிய வேறு திசை. க்யூவில் யாருக்கு அடிக்க வேண்டும் என்பதற்கும் பல விதிகள் உண்டு. எல்லோருக்கும் அடித்தால் சுறுசுறுப்பான ஒருவரே நாள் முழுக்க எடுப்பார், மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குறைவாக எடுத்தவருக்கே அடுத்தது என்ற விதி கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மதியம் லாக்இன் செய்பவரின் கணக்கு பூஜ்யம் என்பதால், மற்றவர்களை எட்டும்வரை அவர் மேலேயே கொட்டும். கடைசியாகப் பேசி நெடுநேரம் ஆனவருக்கு அடுத்தது என்ற விதிதான் என் ஓட்டு. அப்புறம், பேசி முடித்ததும் ஆர்டரைக் குறித்துக்கொள்ள 15 விநாடி இடைவெளி வையுங்கள்.

அதற்காக எல்லோரும் க்யூ வைக்க வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் இரண்டு அழைப்புக்கு மேல் வராத இடத்தில் வரவேற்புச் செய்தியும் இசையும் வாடிக்கையாளருக்குச் சள்ளைதான். மணி அடித்தது, ஆள் எடுத்தார் என்பதை மிஞ்ச எதுவும் இல்லை.

"விற்பனைக்கு 1 அழுத்தவும்" என்று பதிவான குரல் சொல்லும் ஐ.வி.ஆருக்கும் இதே கதை. மூன்று தேர்வுகள், 0 அழுத்தினால் ஆள். அதற்கு மேல் சிறிய அலுவலகத்துக்குத் தேவையில்லை. செய்தி ஓடும்போதே எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்த வழி இருந்தால் பழகிய டீலர்கள் திட்டமாட்டார்கள்.

மாலை ஆறு மணிக்குப் பிறகு அழைப்பை மொபைலுக்குத் திருப்புவதிலும் இரண்டு வழி. நம் பெட்டியே திருப்பினால் நேரப்படி, ஆள்படி அமைக்கலாம். ஆனால் உள்ளே வர ஒரு லைன், வெளியே போக ஒரு லைன். நான்கு அனலாக் லைன் உள்ள இடத்தில் இரண்டு அழைப்பிலேயே வாசல் அடைந்துவிடும். மொபைலில் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பதில் அலுவலக எண்தான் தெரியும். தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சிலேயே திருப்பினால் லைன்கள் காலியாக இருக்கும், ஆனால் காலையில் மறக்காமல் ரத்து செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க முடியாத இடத்தில் நான் பெட்டிப் பக்கமே நிற்பேன்.

வேறு மேஜையில் அடிக்கும் போனை நம் போனிலிருந்தே எடுக்கும் கால் பிக்கப்பில் யோசிக்க அதிகமில்லை. ஆஸ்டெரிஸ்கில் வழக்கமான *8 நம் குழுவில் அடிக்கும் எந்த போனையும் இழுத்துக்கொள்ளும். ஃப்ரீபிபிஎக்ஸில் ** போட்டு எக்ஸ்டென்ஷன் எண்ணைத் தட்டினால் அந்த ஒன்றை மட்டும். ஒரே அறையில் ஒரே பிரிவு என்றால் முதலாவது போதும். இரண்டு பிரிவு கலந்து உட்கார்ந்திருந்தால் குழுக்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் சர்வீஸ் ஆள் விலைப்பட்டியல் சொல்லிக்கொண்டிருப்பார்.