வீட்டுக் கணினியில் பிடிஎஃப் உருவாக்க லிப்ரெஆபிஸ்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் எங்களில் பலர் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லிவரும் பட்டணத்துக்கு அருகில், ஒரு தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தின் செயலாளராக இருக்கிறேன். மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி, பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கான கூட்டக் குறிப்பையும் கணக்கறிக்கையையும் பிடிஎஃப் கோப்புகளாக இயங்கலையில் பதிவேற்றி வருகிறோம். முன்பெல்லாம் இந்த வேலைக்குப் பட்டணத்து போட்டோஸ்டாட் கடையையே நம்பியிருந்தோம். செலவு பெரிதல்ல. ஆனால் நிர்வாகக் குழுவினர் அனைவரின் அடையாள அட்டை எண்களும் வேறொருவர் கணினியில் தங்கிவிடுமே என்ற கவலை எனக்கு எப்போதும் இருந்தது. அதே காரணத்தால்தான், கோப்பை ஏற்றினால் மாற்றித் தரும் இணையத்தளங்களையும் நான் விரும்பவில்லை.

பணம் கொடுத்து வாங்குவதா என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டியிருந்தது. பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 2008இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டதால், அந்த வடிவத்தில் கோப்பு எழுதும் மென்பொருளை எவரும் உருவாக்கலாம் என்ற நிலை உறுதிப்பட்டது. இலவசமாகக் கிடைப்பது தரம் குறைந்ததாகத்தான் இருக்கும் என்று எங்கள் குழுவில் சிலர் தயங்கியபோது இந்த விவரத்தைத்தான் எடுத்துச் சொன்னேன். அடோபியின் அக்ரோபேட் சந்தா முறையில் விற்கப்படுகிறது. முடிந்த பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே புகுந்து அன்றாடம் திருத்துபவர்களுக்கு அது பொருத்தமானது. ஆண்டுக்குச் சில அறிக்கைகளும் திருவிழா அழைப்பிதழும் செய்கிற ஆலயத்துக்கு, உண்டியல் பணத்தில் பல நூறு வெள்ளியை (ரிங்கிட்டை) அதற்கென ஒதுக்குவது நியாயமாகாது.

விண்டோஸ் 10 முதல், ‘மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்ற அச்சுப்பொறி கணினியிலேயே இருக்கிறது. அச்சிடும் கட்டளையைக் கொடுத்து, பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் தாளுக்குப் பதில் கோப்பு வந்துவிடும். ஒரு பக்கக் கடிதத்துக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆனால் இவ்வகை அச்சுப்பொறிகளுக்கு வந்து சேர்வது பக்கத்தின் தோற்றம் மட்டுமே. எது தலைப்பு, எது இணைப்பு என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆகவே நீண்ட அறிக்கையில் தலைப்பைத் தட்டி அந்தப் பக்கத்துக்குத் தாவும் வசதி கிடைக்காது.

வேர்டைப் போல ஆவணம் எழுத உதவும் லிப்ரெஆபிஸ் வேறு வழியில் செயல்படுகிறது. ஆவணத்தை எழுதும் மென்பொருளே பிடிஎஃப் கோப்பையும் நேரடியாக உருவாக்குவதால், தலைப்புகள் பக்கக் குறிகளாகவும் இணையமுகவரிகள் செயல்படும் இணைப்புகளாகவும் அமைகின்றன. ஓப்பன்ஆபிஸிலிருந்து 2010இல் பிரிந்த தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த இந்த மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை, அது இடும் பக்கங்களில் விளம்பர முத்திரையும் இல்லை. முத்திரையைக் குறிப்பிடக் காரணம் உண்டு: இதற்கு முன் நான் நிறுவிப் பார்த்த ‘இலவச’ மென்பொருள் ஒன்று, கணக்கறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரைக் குறுக்கே பதித்துவிட்டது, கணக்காய்வாளர் கையெழுத்திட்ட தாளில் அப்படி ஒன்று இருப்பதை நான் ஏற்க முடியவில்லை.

தமிழ் எழுத்துகள் எப்படி வருகின்றன என்பதுதான் எனக்கு முதன்மையான சோதனை. லதா, நிர்மலா ஆகிய இரு எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்து மாற்றிப் பார்த்தேன். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றன, எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்து சென்றது. எங்கள் ஆலயத்தின் பழைய கூட்டக் குறிப்புகள் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளின் வழியே கணித்தமிழ் வளர்ந்த நாடு இது என்பதால், இத்தகைய பழைய கோப்புகள் நம்மில் பலரிடம் இருக்கும். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ரோமன் குறிகளாகத் தெரியும். எழுத்துரு இன்னும் கைவசம் உள்ளபோதே அவற்றை பிடிஎஃப் ஆக்கிவிட்டால் தோற்றமாவது என்றும் நிலைத்திருக்கும்.

நான் மிகவும் மதிக்கும் வசதி ‘ஹைபிரிட் பிடிஎஃப்’. ஆவணத்தை பிடிஎஃப் ஆக ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யும்போது திறக்கும் பெட்டியில் அந்தக் கட்டத்தைத் தெரிவு செய்தால், மூல ஆவணமும் பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும். படிப்பவருக்கு அது வழக்கமான பிடிஎஃப். லிப்ரெஆபிஸில் திறந்தாலோ திருத்தக்கூடிய ஆவணம். நிர்வாகக் குழு மாறும்போதெல்லாம் பழைய செயலாளரின் மடிக்கணினியோடு மூலக் கோப்புகளும் போய்விடுவதும், புதியவர் அமைப்பு விதிகளை முதலிலிருந்து தட்டச்சு செய்வதும் எங்களுக்குப் பழகிப்போன துன்பம். இப்போது ஒரே கோப்பை ஒப்படைத்தால் போதும். அலுவலகங்களுக்கு அனுப்பும் படியை மட்டும் இந்தத் தெரிவு இல்லாமல் தனியே எடுக்க வேண்டும், ஏனெனில் பெறுபவர் கையிலும் மூலம் போய்ச் சேர்ந்துவிடும்.

படங்கள் அதிகமுள்ள கோப்புகளின் அளவையும் அதே பெட்டியில் குறைக்கலாம். ஏ4 தாள் ஒன்று 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவில் ஏறக்குறைய 87 இலட்சம் புள்ளிகளைக் கொண்டது. 150 ஆக்கினால் அதில் கால்பங்குதான். ரசீதுகளைப் படிக்க 150 போதுமானது, தோட்டப்புறத்து இணைய வேகத்துக்கும் ஏற்றது.

குறைகளும் உண்டு. வேர்டில் செய்த அட்டவணைகள் லிப்ரெஆபிஸில் திறக்கும்போது சில வேளை இடம் பெயர்கின்றன, எனவே பக்கம் பக்கமாகப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். நிறுவும் கோப்பு ஏறத்தாழ 350 எம்பி இருப்பதால், பதிவிறக்கத்தைக் கைப்பேசித் தரவில் செய்யாமல் வைஃபை கிடைக்கும் இடத்தில் செய்வது நல்லது. ஸ்கேன் செய்த தாள்களைத் தொகுப்பதும் பல பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக்குவதும் இதன் வேலையல்ல. முதலாவதற்கு நேப்ஸ்2, இரண்டாவதற்கு பிடிஎஃப்24 கிரியேட்டர் ஆகியவற்றை வைத்திருக்கிறேன். இரண்டும் இலவசம், இரண்டும் கோப்பை வெளியே அனுப்பாமல் கணினிக்குள்ளேயே வேலையை முடிப்பவை.

எந்த மென்பொருளில் செய்தாலும், அனுப்புவதற்கு முன் கோப்பை அக்ரோபேட் ரீடரில் திறந்து, ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அருகில் ‘எம்பெடெட்’ (பொதிந்தது) என்ற சொல் இருந்தால்தான் நீங்கள் பார்க்கும் தமிழ் எழுத்துகள் மறுமுனையில் இருப்பவர் திரையிலும் அப்படியே தெரியும். பெயர் மட்டும் இருந்து அந்தச் சொல் இல்லையென்றால், கோப்பை மறுபடியும் ஏற்றுமதி செய்துவிட்டு அனுப்புங்கள்.