எச்சில் குழாயும் ஞானஸ்நான ஏடும்: அயர்லாந்தில் வேர் தேடிய ஆறு வருடங்கள்

அயர்லாந்தின் மேற்கே கால்வேயில் மருமகளாக வந்த புதிதில் மாமியார் சொன்னார்: தன் அம்மாவைப் பெற்ற பாட்டி டீலியா, மேயோ மாவட்டத்துக்காரர். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. 2019-இல் ஒரு டிஎன்ஏ கிட் வாங்கினோம். என் கணவர் தயாராக இருந்தும், மாமியாரைத்தான் உட்கார வைத்தோம். தலைமுறை இறங்க இறங்கப் பாட்டியின் பங்கு பாதியாகிவிடும். நாங்கள் முதலிலேயே சரியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

அரை மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. 82 வயதில் எச்சில் எங்கே ஊறும்? நுரை கணக்கில் வராது. எலுமிச்சம்பழத்தை நறுக்கி எதிரே வைத்து, குழாயைக் கோடு வரை நிரப்ப இருபது நிமிடம் ஆனது. முடிவு வந்தது: 97 சதவீதம் அயர்லாந்து. "இதைக் காசில்லாமல் நானே சொல்லியிருப்பேனே" என்றார் மாமியார். அந்தச் சதவீதமும் அப்புறம் இரண்டு முறை மாறிவிட்டது. அதற்காக மட்டும் வாங்குவதென்றால் வாங்காதீர்கள். உருப்படியானது, மரபணு ஒத்துப்போகிறவர்களின் பட்டியல்தான்.

ஆவணங்கள் பெரும்பாலும் இலவசம். 1864-இல் எல்லாருக்கும் தொடங்கிய பிறப்பு, இறப்புப் பதிவுகளில் பழையவையும், 1901, 1911 கணக்கெடுப்புத் தாள்களும் இணையத்தில் உள்ளன. கத்தோலிக்கப் பங்குகளின் (கோயில் வட்டாரங்களின்) பழைய ஏடுகளைத் தேசிய நூலகம் 2015-இல் ஏற்றிவிட்டது. பழைய கணக்கெடுப்புகள்தான் போயின. 1861, 1871 தாள்களை அரசே அழித்தது. 1881, 1891 முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் எரிந்தது.

இவ்வளவு இருந்தும் டீலியா என்ற பெயரில் எங்கள் பாட்டி எங்கும் இல்லை. இரண்டு வருடம் தேடினேன். நடுவே, யாரோ இணையத்தில் போட்டிருந்த குடும்ப மரத்தை நம்பி வேறு ஒரு டீலியாவின் பின்னால் நான்கு மாதம் அலைந்தேன்.

முடிச்சை அவிழ்த்தது 212 சென்டிமார்கன் (பகிர்ந்த மரபணுவை அளக்கும் அலகு) ஒத்துப்போன ஒரு பாஸ்டன்காரர். மாமியாருக்கு இரண்டாம் வழி சகோதர முறை. அமெரிக்கா போன டீலியாவின் அக்கா வழிப் பேரப்பிள்ளை. அந்த அக்காவுக்கு வந்த பழைய கடிதம் ஒன்றின் தலைப்பில் டவுன்லேண்டின் பெயர் இருந்தது. அயர்லாந்தில் மிகச் சிறிய நில அலகு அது. அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு. 1901 தாளில் அந்த இடத்தைத் திறந்தால், அந்தக் குடும்பத்தின் வீட்டில் 'ப்ரிஜிட், 16'. டீலியா என்பது ப்ரிஜிட்டின் செல்லப் பெயராம்! அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள், நான் கேட்கவில்லை. லத்தீனில் எழுதிய ஞானஸ்நான ஏட்டில் 'ப்ரிஜிடா'. வேடிக்கை என்னவென்றால், அரசுப் பதிவின்படி அவர் பிறந்தது ஞானஸ்நானத்துக்கு ஆறு நாள் கழித்து. தாமதப் பதிவுக்கு அபராதம் உண்டு என்பதால் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்வது அப்போது சகஜம்.

டீலியாவின் அப்பாவுக்கு 1901-இல் 54 வயது, 1911-இல் 70. முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது 1908-இல். வயது வரம்பு 70. அதே 1911 தாளில் அம்மாவின் பெயருக்கு நேரே: பிறந்த குழந்தைகள் 9, உயிரோடு 6. அதைப் படித்துவிட்டு மாமியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

இன்னும் மேலே போக, 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு. அங்கே ஒரே குடும்பப் பெயரில் மூன்று பேர். மூத்த மகனுக்குத் தகப்பனாரின் அப்பா பெயரை வைப்பது இங்கே வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரனிலிருந்து வந்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. டீலியாவின் பெரிய அண்ணன் பெயரை வைத்து மூவரில் ஒருவரைப் பிடித்தேன். உறுதியென்று சொல்ல மாட்டேன்.

மேற்குப் பகுதியில் பக்கத்துப் பங்குகளுக்குள்ளேயே சம்பந்தம் செய்து செய்து, பட்டியலில் தூரத்துச் சொந்தங்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. 40 சென்டிமார்கனுக்குக் கீழே நான் பார்ப்பதே இல்லை.

இப்போது மாமியாரின் தம்பியைச் சம்மதிக்க வைத்திருக்கிறோம். ஒரே பெற்றோர்தான் என்றாலும் அக்காவுக்கு வராத துண்டுகள் அவரிடம் இருக்கும். தனக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படாது என்கிறார்.