"காயில் போச்சு" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள் (புது மோட்டார் விலையில் பாதி போன கதை)

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்படி ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மோட்டார் 1 ஹெச்பி, சிங்கிள் ஃபேஸ், 1440 ஆர்பிஎம், கெப்பாசிட்டர் ஸ்டார்ட் வகை. சுவிட்ச் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது. லோடைக் கழற்றி, ஷாஃப்ட்டைக் கையால் வேகமாகச் சுழற்றிவிட்டு உடனே சுவிட்ச் போட்டால் ஓடும். வலப்பக்கம் சுழற்றினால் வலப்பக்கம், இடப்பக்கம் சுழற்றினால் இடப்பக்கம். ரன்னிங் காயில் (மோட்டார் ஓடும்வரை வேலை செய்யும் கம்பிச் சுற்று) நன்றாக இருக்கிறது, கோளாறு மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் பக்கத்தில் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஸ்டார்ட்டிங் பக்கத்தில் இருப்பவை மூன்றே: கெப்பாசிட்டர், சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் (மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் பக்கத்தைத் தானாகத் துண்டிக்கும் உள் சுவிட்ச்), ஸ்டார்ட்டிங் காயில். மூன்றும் சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில். இவற்றில் அதிகம் தேய்வது அசைகிற பொருளான சுவிட்ச்தான்.

இதெல்லாம் தெரிந்தும் மோட்டார் ஒரு ரீவைண்டிங் கடைக்கு (காயிலைப் புதிதாகக் கட்டித் தரும் கடை) போனது. அவசரம், வேறென்ன.

நம்ப வைத்தது ஒரு மல்டிமீட்டர். கடைக்காரர் டெர்மினல் பெட்டியைத் திறந்து, ஸ்டார்ட்டிங் வயர் இரண்டிலும் புரோபை வைத்து, மீட்டரை நம் பக்கம் திருப்பிக் காட்டினார். 'ஓப்பன்' என்றால் நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். "பாருங்க சார், ஓப்பன். ஸ்டார்ட்டிங் காயில் போச்சு. மொத்தமா கட்டிடலாம்." கண்ணெதிரே மீட்டர் காட்டுகிறதே, அப்புறம் என்ன சந்தேகம்? கூடவே கருகிய கம்பித் துண்டு ஒன்றையும் கையில் கொடுத்தார். கேட்ட தொகை புது மோட்டார் விலையில் பாதி. முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி: "கெப்பாசிட்டரைக் கழற்றிட்டு அளந்தீங்களா?" கெப்பாசிட்டர் டிசி-யை (ஒரே திசையில் பாயும் கரண்ட்டை) விடாது. மீட்டர் ஓம்ஸ் பார்ப்பது டிசி-யில். கெப்பாசிட்டர் சீரீஸில் இருக்கும்வரை, காயில் புத்தம் புதிதாக இருந்தாலும் மீட்டர் சற்று நேரத்தில் ஓப்பன் என்றுதான் காட்டும். சுவிட்ச் கான்டாக்ட் (சுவிட்சுக்குள் ஒன்றோடொன்று தொடும் உலோக முனைகள்) ஒட்டாமல் இருந்தாலும் அதே ஓப்பன்தான். அந்த மீட்டர் காயிலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை!

மோட்டார் திரும்பி வந்து பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் ஸ்டார்ட் ஆனதிலிருந்தே உறுமல் நிற்கவில்லை. சுவிட்சை அணைப்பதற்குள் கெப்பாசிட்டர் வெடித்து, வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது.

கடைக்குப் போன் போட்டால் முதல் நாள் "வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும் சார்". இரண்டாம் நாள் "ஓனர் வெளியூர்ல இருக்காரு". மூன்றாம் நாள் சொன்னதுதான் வயிற்றெரிச்சல்: "காயிலுக்குத்தான் கேரண்டி, சுவிட்சுக்கு இல்ல."

சரி என்று எண்ட் கவரைக் கழற்றிப் பார்த்தால், காயிலே கட்டவில்லை. பழைய வார்னிஷ், பழைய கட்டு நூல், ஸ்லாட் இடுக்கில் பல வருடத் தூசி, எல்லாம் அப்படியே. அவர் கொடுத்த கம்பித் துண்டை மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.9 மி.மீ. இந்த மோட்டாரின் ஸ்டார்ட்டிங் காயில் கம்பி 0.5 மி.மீ.கூட இல்லை. யாருடைய மோட்டாரோ! புது மோட்டார் விலையில் பாதியை வாங்கிக்கொண்டு அவர்கள் செய்த வேலை மூன்று: கான்டாக்டை உப்புத்தாளால் தேய்த்தது, நன்றாக ஒட்டட்டும் என்று கான்டாக்டைத் தாங்கும் பித்தளைத் தகட்டை உள்ளே வளைத்தது, மாட்டும்போது ஷாஃப்ட்டின் ஃபைபர் வாஷர் ஒன்றைத் தொலைத்தது.

மூன்றும் ஏன் தப்பு? உப்புத்தாளின் மணல் துகள் வெள்ளிக் கலவையான கான்டாக்ட் முகத்தில் பதிந்துவிடும்; அந்த இடத்தில் ஒட்டாமல் பொறி பறக்கும். தகட்டை வளைத்தால் விலகும்போது கிடைக்கும் இடைவெளி குறையும். மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 75 சதவீதத்தை, அதாவது சுமார் 1100 ஆர்பிஎம்-ஐத் தொட்டதும் ஷாஃப்ட்டில் இருக்கும் கவர்னரின் எடைகள் விரிந்து கான்டாக்ட் பட்டென்று பிரிய வேண்டும். அரைகுறையாகப் பிரிந்தால் ஆர்க் அடித்து இரண்டும் வெல்டாகிவிடும். சில விநாடிகளுக்கே வடிவமைத்த ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டரும் மெல்லிய காயிலும் தொடர்ந்து கரண்ட் வாங்கினால் என்ன ஆகும்? ஆனதுதான். இல்லாத காயில் கோளாறுக்குக் காசு வாங்கி, நிஜமாகவே காயிலை எரித்துவிட்டார்கள். வாஷர் போனதால் ரோட்டர் முன்னும் பின்னும் நகர்ந்தது. கவர்னர் தட்டு, கான்டாக்ட் பொருத்திய சுவிட்ச் பிளேட்டை அழுத்துவது நிலையில்லாமல் போனது.

சுவிட்சைச் சுத்தம் செய்ய வேண்டிய முறை இதுதான். மெயினைத் துண்டித்து, கெப்பாசிட்டரை 15 அல்லது 20 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூட்ரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். எண்ட் கவருக்கும் பாடிக்கும் சென்டர் பஞ்சால் அடையாளம் போடுங்கள், வயர்களைப் போட்டோ எடுங்கள், வாஷர் எத்தனை, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டில் இருக்கும் கவர்னரைக் கையால் தள்ளிவிட்டால் தயங்காமல் திரும்ப வேண்டும். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே இழுவையில் இருக்க வேண்டும். கான்டாக்டில் கறுப்பு மட்டும் படிந்திருந்தால் கான்டாக்ட் ஃபைலால் இரண்டு மூன்று முறை லேசாக, முகம் தட்டையாகவே இருக்கும்படி இழுத்து, கிளீனர் நனைத்த வெள்ளைத்தாளை இடையில் விட்டு, தாளில் கறுப்பு வராத வரை இழுங்கள். எண்ணெய், கிரீஸ் ஒரு சொட்டுகூடக் கூடாது. குழி விழுந்து வெள்ளி போய் செம்பு தெரிந்தால் ஃபைலுக்கு வேலையில்லை, சுவிட்ச் பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். மாட்டிய பிறகு மோட்டார் நிற்கும் நிலையில் சுவிட்சின் இரு முனையிலும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும்.

கடைசிச் சோதனை: ஸ்டார்ட்டிங் வயரை மட்டும் கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட் அளக்கும் மீட்டர்) மாட்டி லோடில்லாமல் ஓடவிடுங்கள். கரண்ட் குபீரென்று ஏறி ஓரிரு விநாடியில் பூஜ்யம் ஆக வேண்டும். ஆகவில்லையா, உடனே அணைத்துவிடுங்கள். அணைத்தபின் வேகம் குறையும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், கான்டாக்ட் திரும்ப மூடும் சத்தம். அந்த 'டக்' வராத மோட்டாரைக் கடையிலிருந்து வாங்கி வராதீர்கள்.

எச்சரிக்கைகள் நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: கையால் சுழற்றினால் ஓடும் மோட்டாருக்கு முழு ரீவைண்டிங் என்றால் வேறு கடை பாருங்கள். கெப்பாசிட்டரைக் கழற்றி, சுவிட்சைத் தனியாக, காயிலைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். காயில் கட்டினால் பழைய செம்பு முழுவதையும் கேட்டு வாங்குங்கள், ஒரு துண்டுக் கம்பி கணக்கில்லை. கெப்பாசிட்டர் மாற்றினால் அதே மைக்ரோஃபாரட் அளவுதான். முன்பணம் முழுதாகக் கொடுக்காதீர்கள்.

பழைய வார்னிஷோடு இருக்கும் காயிலின் போட்டோவைக் கடைக்காரருக்கு அனுப்பியாகிவிட்டது. பார்த்துவிட்டார். பதில் இல்லை. புது மோட்டார் விலையில் பாதி அவர் கல்லாவில் இருக்கிறது. காயில் இப்போதுதான் நிஜமாகக் கட்ட வேண்டும்.