நண்பரைப் பார்க்கப் போகிற ஊரில் பூனைக்குக் காவல்: லண்டனில் ஹவுஸ் சிட்டிங் அனுபவம்

ஹாரோவில் நண்பர் குடும்பத்தோடு ஒரு வாரம் கழிக்க வேண்டும். அவர்கள் வீட்டிலோ இரண்டே படுக்கையறை, மூன்று பிள்ளைகள். ஓட்டலுக்குக் கொட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. மான்செஸ்டரிலிருந்தோ கிளாஸ்கோவிலிருந்தோ லண்டன் போகிற நம்மவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் ஹவுஸ் சிட்டிங் பக்கம் வருகிறார்கள். வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போவார். அவர் வீட்டில் நாம் தங்கி நாயையோ பூனையையோ பார்த்துக்கொள்வோம். இரு தரப்புக்கும் இடையில் சம்பளமும் இல்லை, வாடகையும் இல்லை. பிரைட்டனில் தொடங்கிய டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் 2010 முதல் இதற்கான தளத்தை நடத்துகிறது. வீட்டுக்காரரும் தங்குபவரும் ஆண்டுச் சந்தா கட்டிச் சேர வேண்டும்.

நெடுநாள் பயன்படுத்தியதில் எங்களுக்குத் தெளிவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நண்பரைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் வீட்டின் அழகு, தோட்டம், படத்தில் இருக்கும் குளியல் தொட்டி எதையும் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். அந்தப் பிராணியை எத்தனை மணி நேரம் தனியாக விடலாம், அதில் போக வர எவ்வளவு கழியும் என்ற கணக்கை மட்டும் முதலில் போடுங்கள். அந்தக் கணக்கில் தேறாத வீடு எவ்வளவு நல்ல வீடானாலும் வேண்டாம்.

வளர்ந்த நாயை ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் தனியே விடக்கூடாது என்பது பிரிட்டனில் விலங்கு நல அமைப்புகள் வழக்கமாகச் சொல்லும் வரம்பு. குட்டியானால் அதிலும் மிகக் குறைவு. ஹாரோவுக்குப் பக்கத்துப் பகுதியான பின்னரில் (Pinner) வீடு, ஹாரோவில் நண்பர் என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலில் பின்னரிலிருந்து இரண்டாவது நிறுத்தமே ஹாரோ-ஆன்-த-ஹில். வாசலிலிருந்து வாசலுக்கு அரை மணி என்றால் நண்பரோடு முழுசாக 3 மணி நேரம் கிடைக்கும்; ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் போதும். அதே நாய் வாட்ஃபோர்டில், நண்பர் ஈஸ்ட் ஹாமில் என்றால் ஒரு வழிக்கே ஒன்றேகால் மணி ஆகும். மிச்சம் ஒன்றரை மணி. குழம்பு ஊற்றும்போதே கடிகாரத்தைப் பார்க்க வேண்டிவரும். சனி, ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக லைனை மூடி மாற்றுப் பேருந்து விடுவார்கள். அது இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும். தேதியை உறுதி செய்யும் முன் அந்த வார இறுதியில் எந்த லைன் மூடல் என்று பார்த்துவிடுங்கள்.

ஆகவே எங்கள் தேர்வு பூனை. ஆரோக்கியமான வளர்ந்த பூனைக்குக் காலைச் சாப்பாடு கொடுத்து, மணல் தட்டைச் சுத்தம் செய்து, சற்று விளையாட்டுக் காட்டிவிட்டால் பகல் முழுக்க வெளியே போய் இரவு திரும்பலாம். நாய் வேண்டுமென்றே ஆசைப்படுகிறவர்கள் இரண்டு பேராகப் போவது நல்லது. ஒருவர் நண்பர் வீட்டில், ஒருவர் நாயோடு என்று மாறிமாறி இருக்கலாம்.

ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வரும் உறவினர்களுக்கு இதைப் பரிந்துரைக்காதீர்கள். அந்த விசாவில் இங்கே வேலை செய்ய முடியாது. இலவசத் தங்குமிடத்துக்கு ஈடாக நாய் பார்ப்பதும் வேலைதான் என்று எல்லை அதிகாரி சொன்னால் எதிர்வாதத்துக்கு வழியில்லை. அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. பிரிட்டனில் வேலை செய்யும் உரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே இந்தக் குறிப்புகள்.

டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸில் ஓர் அறிவிப்புக்கு 5 விண்ணப்பம் சேர்ந்ததும் வரிசை தற்காலிகமாக நின்றுவிடும். ஆகவே அந்த வட்டாரத்துக்கு அலெர்ட் போட்டு, அறிவிப்பு வந்த உடனே எழுத வேண்டும். விண்ணப்பத்தில் பிராணியின் பெயரைச் சொல்லி, அதன் பழக்கத்தில் ஒன்றைக் குறிப்பிட்டு, ‘பக்கத்து ஊரில் நண்பர்கள் இருக்கிறார்கள், பகலில் சில மணி நேரம் வெளியே போவோம்’ என்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்து வாங்கும் வீட்டில் ஒரு நாளும் நிம்மதி இருக்காது. வீடியோ அழைப்பில் கேட்க வேண்டியவை: எத்தனை மணி நேரம் தனியாக இருந்து பழக்கம், என்ன மருந்து, வீட்டுக்குள் கேமரா எங்கெங்கே, நண்பர்கள் ஒரு மாலை வந்து போகலாமா. கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். மாத்திரை, காதுச் சொட்டு மருந்து எல்லாம் பழகினால் வந்துவிடும். சர்க்கரை நோய் உள்ள பூனைதான் உண்மையான சோதனை, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். பூனைக்குப் போடும் இன்சுலின்களான கேனின்சுலின், புரோசிங்க் இரண்டும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை. இவற்றுக்கு யு-40 சிரிஞ்ச்தான் போட வேண்டும். மனிதர்களுக்கான, மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கணக்கில் கோடு போட்ட யு-100 சிரிஞ்ச் டிராயரில் கிடக்கிறதே என்று எடுத்து 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.8 யூனிட்தான். நாலைந்து நாளில் பூனை தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராது. பெட்டியிலும் சிரிஞ்சிலும் 40 என்று இருக்கிறதா என்பதை வீட்டுக்காரர் கிளம்பும் முன்பே சரிபாருங்கள். கேனின்சுலினைக் குலுக்கிப் பால் போல ஒரே சீராக ஆக்கி, நுரை அடங்கிய பிறகு எடுக்க வேண்டும். புரோசிங்கைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும்.

ஊசி 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. பூனை தட்டில் வாய் வைத்துச் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே ஊசி. சாப்பிடாவிட்டால் முதலில் கால்நடை மருத்துவருக்கு, அதாவது ‘வெட்’டுக்குப் போன். தோலை விரல்களால் கூடாரம் போலத் தூக்கி, அடியில் விழும் குழியில் ஊசியைச் செலுத்துங்கள். எடுத்த பிறகு முடி ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் மருந்து மறுபக்கமாக வெளியே வந்துவிட்டது என்று பொருள். அப்போதும் இன்னொரு முறை போடவே கூடாது. எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாதபோது மறுபடி போட்டால் சர்க்கரை சரிந்து உயிருக்கு ஆபத்தாகும். அடுத்த வேளைக்குக் காத்திருப்பதே பாதுகாப்பு. தள்ளாட்டம், நடுக்கம், சோர்வு தெரிந்தால் ஈறில் தேன் தடவி உடனே வெட்டிடம் ஓட வேண்டும். இந்த நேரக் கட்டுப்பாடு இருக்கும் வீட்டை எடுத்தால் மாலை 7 மணி ஊசிக்காக நண்பர் வீட்டு விருந்தைப் பாதியில் விட்டு எழ நேரும். மதிய விருந்தாக மாற்றச் சொல்லி முன்பே கேட்டுவிடுங்கள்.

நோயில்லாத பூனையிடமும் இரண்டைக் கவனியுங்கள். முதல் நாள் சோபாவுக்கு அடியில் ஒளிவது இயல்பு. கையை விட்டு இழுக்காதீர்கள், தரையில் உட்கார்ந்து பேசாமல் இருங்கள். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் வெட்டிடம் கேட்டுவிட வேண்டும். பட்டினி நீண்டால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும், பருத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். இரண்டாவது, ஆண் பூனை மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அந்த மணி நேரமே பார்க்க வேண்டிய அவசரம். தினமும் மணலில் எத்தனை சிறுநீர்க் கட்டி என்று எண்ணிக் குறிப்பது இதற்காகத்தான்.

நம் சமையலால் வரும் பிரச்சினைகள் வழிகாட்டிகளில் இருப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைப்பவை, பொடியாக இருந்தாலும்தான். சாம்பார் சோறு மிச்சத்தைத் தட்டில் போடாதீர்கள். கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையில்லாத இனிப்பிலும் சூயிங்கத்திலும் இருக்கும் சைலிட்டால் நாய்க்கு விஷம். கோழிக்குழம்பின் வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். கிளியோ பட்ஜியோ இருக்கும் வீட்டில் நான்ஸ்டிக் தோசைக்கல்லைக் காயவிடவே கூடாது. வெறும் கல் அதிகம் சூடானால் அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. இரும்புக் கல்லைக் கையோடு கொண்டு போங்கள்.

நண்பர்கள் பார்க்க வரும்போது பூங்கொத்து வாங்கி வருவார்கள். சூப்பர்மார்க்கெட் கொத்தில் பெரும்பாலும் லில்லி இருக்கும். இதழ், இலை, மகரந்தம், குவளைத் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். வாசலிலேயே வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நண்பர்கள் புரிந்துகொள்வார்கள். மல்லிகையால் பயமில்லை. சந்தேகமாக எதையாவது தின்றுவிட்டால் அனிமல் பாய்சன்லைன் என்ற கட்டணத் தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இருக்கிறது. எண்ணை முதல் நாளே போனில் ஏற்றி வையுங்கள். நாயின் உண்ணி மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் தடவாதீர்கள். பல மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

வீட்டுக்காரர் கிளம்பும் முந்தின நாள் மாலையே போய்ச் சேருவது முக்கியம். அவர் உணவு போடுவதையும் நடைக்குக் கூட்டிப்போவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு கப்’ என்பார். கப்பைத் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று எழுதுங்கள். அவருடைய வெட் கிளினிக்குக்கு ‘இவர்கள் என் சார்பில் சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம், இத்தனை பவுண்டு வரை’ என்று கையெழுத்திட்ட கடிதம் போயிருக்க வேண்டும். இரவு அவசரத்துக்குப் பல கிளினிக்குகள் வேறொரு மருத்துவமனையைக் கைகாட்டும். அந்த முகவரியையும் பிராணியை ஏற்றும் டாக்சி எண்ணையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

நாயை நடக்கக் கூட்டிப்போகும்போது வாரை அவிழ்க்காதீர்கள். வீட்டுக்காரர் கூப்பிட்டால் வருகிற நாய் நம் குரலுக்கு வர வேண்டும் என்பதில்லை. ஓட விட ஆசையிருந்தால் 10 மீட்டர் நீள வார் வாங்கி, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில் மாட்டுங்கள். கழுத்துப்பட்டியில் மாட்டினால் ஓடி முட்டி நிற்கும்போது கழுத்து அடிபடும். பொது இடத்தில் நாயின் பட்டியில் உரிமையாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1992 ஆணையிலிருந்தே சட்டம். அதோடு நம் போன் எண் எழுதிய தற்காலிக வில்லை ஒன்றும் தொங்கட்டும். வாசல் கதவைத் திறக்கும் முன் உள்கதவை மூடுவதைக் கைப்பழக்கமாக்குங்கள். நாய் ஓடிப்போவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில், பார்சல் வாங்கும் அந்த ஒரு நொடியில்.

தீபாவளிக்கு நண்பர் வீட்டுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் நாய் வீட்டை எடுக்கவே வேண்டாம். தீபாவளியை ஒட்டியே நவம்பர் 5 வாணவேடிக்கையும் வருவதால் வாரக் கணக்கில் வெடிச்சத்தம் இருக்கும். நவம்பர் தொடக்கத்தில் லண்டனில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதற்கு முன்பே நடையை முடித்து, திரையை இழுத்துவிட்டு, கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

வீட்டைப் பற்றிச் சில. குப்பை வாளியை வைக்க வெளியே போகும்போது கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்வதுதான் நாங்கள் அதிகம் கேள்விப்படும் விபத்து. ஓர் உபரிச் சாவியை நண்பர் வீட்டிலேயே வையுங்கள். வெந்நீர் வரவில்லை என்றால் பாய்லரின் அழுத்தமானியைப் பாருங்கள், வழக்கமாக 1 முதல் 1.5 பார் வரை இருக்கும். தண்ணீரை அடைக்கும் குழாய் பெரும்பாலும் சமையலறைத் தொட்டிக்குக் கீழே. தாளிக்கும் முன் எக்ஸ்ட்ராக்டரைப் போடுங்கள். கடுகு வெடித்த புகைக்கு அலாரம் அலறினால் நாய் அன்று முழுக்கச் சமையலறைப் பக்கம் வராது. அலுமினிய இட்லிப் பானை இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. வெள்ளை மேடையில் மஞ்சள்தூள் சிந்தினால் அந்த நிமிடமே துடையுங்கள், ஊறவிட்டால் கறை.

வீட்டுக்காரர் திரும்பும் நாளில் படுக்கை விரிப்பைத் துவைத்து, கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பாடு, என்ன மருந்து என்று தாளில் எழுதி மேசையில் வையுங்கள். இல்லாவிட்டால் வந்ததும் பாசத்தில் இரண்டாவது ஊசி விழுந்துவிடும். விமானம் தாமதமாகலாம். அவர் உள்ளே வந்துவிட்டேன் என்று செய்தி அனுப்பும்வரை பிராணி நம் பொறுப்பு. அதனால் ஊர் திரும்ப, குறிப்பிட்ட ரயிலில் மட்டுமே செல்லும் மலிவுச் சீட்டை அந்த நாளுக்கு வாங்காதீர்கள். மறுநாளுக்கு வாங்கி, அந்த ஓரிரவை மட்டும் நண்பர் வீட்டு சோபாவில் படுத்துக்கொள்ளுங்கள்.