ராஸ்பெர்ரி பை 4-இன் வாட்ச்டாக்: இலவசமாகக் கிடைக்கும் இரவுக் காவல்

குளிர்பதனக் கிடங்குகளில் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் பெட்டிகளைப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். உள்ளே இருப்பது ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினி. அதன் வேகத்தை எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை; நள்ளிரவில் உறைந்துபோனால் ஸ்விட்சை அணைத்துப் போட யார் வருவார் என்றுதான் கேட்கிறார்கள். அதற்கென்று தனி டைமர் பலகை வாங்கத் தேவையில்லை. சில்லுக்குள்ளேயே வாட்ச்டாக் இருக்கிறது: கெடு முடிவதற்குள் ‘நலமாக இருக்கிறேன்’ என்ற சேதி வராவிட்டால் கணினியைத் தானே ரீபூட் செய்யும் காவல் டைமர்.

லினக்ஸில் அதை இயக்கும் நிரலான டிரைவர் சின்னஞ்சிறிய கோப்பு. படிக்கவே சுகமாக இருக்கிறது. டைமரின் ரிஜிஸ்டரில் (சில்லுக்குள் அமைப்புகளை வைக்கும் இடம்) எதை எழுதினாலும் அதன் முதல் பைட்டாக 5ஏ என்ற கடவுச்சொல் வேண்டும். வழிதவறிய நிரல் தற்செயலாக டைமரைக் கலைத்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. நாம் வழக்கமாகச் செய்யும் ரீபூட்டும் இதே டைமரால்தான் நடக்கிறது: 10 டிக் (டைமரின் துடிப்பு), அதாவது ஏறக்குறைய 150 மைக்ரோநொடி கெடு வைத்துவிட்டு டிரைவர் ஒதுங்கிக்கொள்கிறது.

குறை, கெடுவின் நீளம். டைமரின் கவுன்ட்டர் 20 பிட்தான், ஓடுவதோ நொடிக்கு 65,536 டிக். அதனால் கெடு 16 நொடியைத் தொடாது. பழைய கெர்னலில் (லினக்ஸின் மையக்கரு) 60 நொடி கேட்டால் நேரடியாக மறுத்துவிடும். இன்டெல் பலகைகளில் இதே வேலையைச் செய்யும் ஐடிசிஓ டைமரோ பத்து நிமிடம்வரைகூடப் பொறுக்கும். என் வேலைக்கு 14 நொடி போதும்.

லினக்ஸில் மற்ற நிரல்களைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டியில், வாட்ச்டாக் கெடுவை நொடியில் குறிக்கும் ரன்டைம்வாட்ச்டாக்செக் வரியை நிரப்பியதும் வேலை முடிந்தது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அதனால் உறுதியாவது சிஸ்டம்டி உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே. சென்சார் நிரல் செத்துக் கிடந்தாலும் டைமருக்குத் தீனி போய்க்கொண்டே இருக்கும். ஆகவே சென்சார் நிரலுக்கான சேவைக் கோப்பிலும் வாட்ச்டாக்செக் என்ற தனிக் கெடு வைத்து, ஒவ்வொரு அளவீடும் வெற்றியாக முடிந்த பிறகே நிரல் சிஸ்டம்டிக்குச் சேதி அனுப்பும்படி எழுதுகிறேன். நிரலுக்குள் பக்கவாட்டில் ஓடும் தனி இழை (த்ரெட்) ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு சேதி அனுப்புவது வெறும் ஏமாற்று. சேவை அடுத்தடுத்து விழுந்தால் முழு ரீபூட் செய்யவும் சொல்லி வைக்கலாம்.

ஒருமுறை தொடங்கிய வாட்ச்டாக்கை நிறுத்த விடாத நோவேஅவுட் அமைப்பை இயக்கியே பெட்டியை அனுப்புகிறேன். இல்லையென்றால் வாட்ச்டாக்கின் சாதனக் கோப்பில் ‘வி’ என்ற ஒற்றை எழுத்தை எழுதி மூடும் எந்த நிரலும் காவலை நிறுத்திவிடலாம்.

சோதிக்க, கெர்னலுக்கு நேரடியாக அவசரக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ வழியாகக் கெர்னலை வேண்டுமென்றே வீழ்த்துங்கள். அதற்கு முன் கெர்னல் பேனிக் மதிப்பு 0 தானா (வீழ்ந்த பிறகு கெர்னல் தானே ரீபூட் செய்யாது என்று பொருள்) என்று பாருங்கள். வேறு எண் இருந்தால் கெர்னலே ரீபூட் செய்து, வாட்ச்டாக்குக்கு நற்பெயர் வாங்கிக் கொடுத்துவிடும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். தனி அடாப்டரில் ஓடும் மோடம் உறைந்தால் இதனால் ஒன்றும் செய்ய முடியாது; அதற்கு மட்டும் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் ஒரு ரிலே வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.