ஒரே பையில் இன்ஹேலரும் சிகரெட்டும்: ஆஸ்துமா உள்ளவர் புகைப்பழக்கத்தைக் கைவிட எந்த வழி நல்லது?

11 வருஷம் என் சட்டைப் பையில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. நீல நிற இன்ஹேலர், அதை ஒட்டியே சிகரெட் பெட்டி. ராத்திரி வீசிங் வந்தால் இரண்டு பஃப் இழுப்பேன். மூச்சு சீரானதும் மொட்டை மாடிக்குப் போய் ஒன்று பற்ற வைப்பேன். விட்டு இப்போது 6 வருஷம் ஆகிறது. அதற்கு முன் குறைத்துப் பார்த்தேன், தனியாக நிறுத்திப் பார்த்தேன், சூயிங் கம் மட்டும் மென்று பார்த்தேன். நான்காவது முயற்சிதான் பலித்தது. பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகள் ஆஸ்துமாக்காரர்களுக்குச் சில இடங்களில் இடிக்கும். அந்த இடங்களை எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் சில வருஷங்கள் மிச்சமாகியிருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தினமும் காலை மாலை இழுக்கச் சொல்லும் தடுப்பு இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு. மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் வீக்கத்தை ஆற்றுவது அதன் வேலை. புகை பிடிப்பவருக்கு அது சரியாக எடுபடாது. புகையால் வரும் வீக்கத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூடுதலாகச் சேரும், அவை ஸ்டீராய்டுக்கு எளிதில் அடங்குவதில்லை. நான் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கிய மருந்தின் பலனை நானே குறைத்துக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செய்யப்பட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமாவோடு புகை பிடித்த 32 பேரைப் பார்த்தார்கள். 6 வாரம் முழுசாக விட்டிருந்த 10 பேரைத் தொடர்ந்து பிடித்தவர்களோடு ஒப்பிட்டபோது, முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றில் சராசரியாக 407 மில்லிலிட்டர் வித்தியாசம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் நம் ஊர் டீ கிளாஸில் ஏறக்குறைய நான்கு கிளாஸ் காற்று அது! மூச்சுக்குத் தவித்தவர்களுக்கு அந்த நான்கு கிளாஸின் அருமை தெரியும்.

சரி, வழிகளுக்கு வருவோம். முதல் போட்டி, குறைத்துக் குறைத்து விடுவதா, ஒரே நாளில் நிறுத்துவதா. நம்மில் பெரும்பாலோர் முதலில் தேர்ந்தெடுப்பது குறைப்பதைத்தான். நானும் 12இலிருந்து 3க்கு வந்து, பெருமையாக நெஞ்சக மருத்துவரிடம் போய், "குறைச்சிட்டேன் டாக்டர், இப்ப மூணுதான்" என்றேன். அவர் பாராட்டவில்லை. "சரி, மூணு எப்ப ஜீரோ ஆகும்? ஒரு தேதி சொல்லுங்க" என்றார். என்னிடம் தேதி இல்லை. அடுத்த மாதமே 3 என்பது 8 ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் 697 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. இரு பிரிவினருக்கும் ஒரு தேதி குறித்துக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார்கள், மற்றவர்கள் அந்த நாளில் சட்டென்று நிறுத்தினார்கள். நான்காவது வாரத்தில் சட்டென்று நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் தாக்குப்பிடித்திருந்தார்கள். குறைத்து வந்தவர்களில் 39 சதவீதம். இது பொதுவாகப் புகை பிடிப்பவர்களைப் பற்றியது. ஆஸ்துமா என்றால் குறைப்பதற்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. டென்மார்க்கில் ஆஸ்துமாக்காரர்களையே வைத்துச் செய்த ஆய்வில், முழுசாக விட்டவர்களுக்கு அவசர இன்ஹேலரின் தேவை குறைந்தது, அன்றாட வாழ்க்கையும் எளிதானது. எண்ணிக்கையை மட்டும் குறைத்தவர்களுக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. 12ஐ 3 ஆக்கினால் முக்கால்வாசி நன்மை வந்துவிடும் என்று மனசு போடும் கணக்கை மூச்சுக்குழாய் ஏற்பதில்லை. தேதி குறித்துவிட்டு, அதற்காக இரண்டு வாரம் குறைத்து வந்தால் தவறில்லை. தேதியே இல்லாமல் குறைப்பது தொடர்வதற்கான வழியாகத்தான் முடியும். என் அனுபவம் அப்படித்தான்.

சிகரெட்டை விட்டு பீடிக்கு மாறுவதையும் சிலர் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். "வெறும் இலைதானே" என்பார்கள். இந்தியாவில் 2016-17இல் எடுத்த கணக்குப்படி பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி பிடிக்கிறார்கள், சிகரெட் 4 சதவீதம்தான். இலை சீக்கிரம் அணைந்துவிடும் என்பதால் பீடியை அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். கார்பன் மோனாக்சைடும் தாரும் அதில் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. இதை வழி என்றே நான் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாவது போட்டி, தனியாக விடுவதா, துணையோடு விடுவதா. எந்த உதவியும் இல்லாமல் நிறுத்துகிறவர்களில் 6 மாதம், ஒரு வருஷம் தாண்டி நிற்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான். இது மன உறுதியைப் பற்றிய கணக்கு அல்ல. நிகோடின் மூளையைப் பிடித்திருக்கும் பிடி அப்படி. நான் தனியாக நிறுத்தியபோது 9ஆம் நாள் விழுந்தேன். என்னிடம் உறுதி இல்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படியே நம்பினேன். அந்த நம்பிக்கைதான் அடுத்த முயற்சியை இரண்டு வருஷம் தள்ளிப் போட்டது. சிகரெட் பெட்டியின் மேலேயே 1800-11-2356 என்ற எண் அச்சிட்டிருக்கும். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். தேதி குறிக்க உதவி, அப்புறம் அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். பேசும்போது முதலிலேயே ஆஸ்துமா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, நிகோடின் கம்மா, தோலில் ஒட்டும் பேட்ச்சா. இரண்டிலும் புகை இல்லை, நிகோடின் மட்டும்தான். ஆஸ்துமாக்காரர்களுக்கு இவை பொதுவாகப் பொருந்தும். 2 மில்லிகிராம் கம் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும், அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். கம்மில் நான் செய்த தப்பு, அதைச் சாதாரண சூயிங் கம் மாதிரி மென்றது. விக்கல், நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம். அமிலம் மேலேறினால் வீசிங்கும் கிளம்பும் என்பது ஆஸ்துமாக்காரர்களுக்குப் புது விஷயம் அல்ல. "கம் எனக்கு ஒத்துக்கலை" என்று தூக்கிப் போட்டேன். குற்றம் கம்மில் இல்லை. மெதுவாக நாலைந்து முறை கடித்து, நாக்கில் மிளகு மாதிரிச் சுர்ரென்று வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுர்ரென்பது அடங்கியதும் மறுபடி கடிக்க வேண்டும். டீ, காபி குடித்துக் கால் மணி நேரம் ஆகாமல் போடக்கூடாது, போட்டால் நிகோடின் சரியாக உள்ளே இறங்காது.

பேட்ச்சில் இந்தத் தொல்லை இல்லை. காலையில் ஒட்டினால் நாள் முழுக்க ஒரே சீராக நிகோடின் இறங்கும். ஆனால் ஆஸ்துமா உள்ள பலருக்குத் தோல் அலர்ஜியும் கூடவே இருக்கும். ஒட்டிய இடம் சிவந்து அரிக்கலாம். தினமும் இடத்தை மாற்றி ஒட்டினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இரண்டில் எது என்று கேட்டால், இரண்டும் சேர்த்து என்பதுதான் என் பதில். அடித்தளத்துக்கு பேட்ச், டீக்கடை வாசலில் திடீரென்று எழும் ஆசைக்கு கம். ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இந்தச் சேர்க்கை நன்றாக வேலை செய்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. என்னுடைய நான்காவது முயற்சி இதுதான்.

அடுத்தது மாத்திரைகள். ஆஸ்துமாக்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. புப்ரோபியான், வரெனிக்ளின் என்று இரண்டு. 2016இல் 8,000க்கும் மேற்பட்டோரை வைத்து வெளியான பெரிய ஆய்வில் புப்ரோபியானையும் பேட்ச்சையும்விட வரெனிக்ளின் கூடுதல் பலன் தந்தது. மனநிலையைக் கெடுக்கும் என்ற பழைய பயத்துக்கும் அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. 12 வாரம் சாப்பிட வேண்டும். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். புப்ரோபியானின் சிக்கல் வேறு. அது வலிப்பு வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். இளைப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலின் மாத்திரையும், வீசிங் முற்றும்போது கொடுக்கும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளும் சேர்ந்தால் அந்த ஆபத்து இன்னும் ஏறும். இந்த இரண்டும் வீட்டில் இருக்கும் ஆஸ்துமாக்காரருக்கு வரெனிக்ளின்தான் என் தேர்வு. முடிவை மருத்துவர் எடுக்கட்டும், ஆனால் நீங்கள் சாப்பிடுவதையெல்லாம் அவரிடம் சொல்லுங்கள்.

எந்த வழியில் விட்டாலும் பொருந்தும் ஒரு விஷயத்தை என் சித்தப்பா மூலமாகத் தெரிந்துகொண்டேன். தென்காசிப் பக்கம் இருக்கிறார், 30 வருஷம் பீடி. இளைப்புக்காக தினமும் டெரிஃபிலின் சாப்பிட்டு வந்தார். அதில் இருப்பது தியோஃபிலின் வகை மருந்து. ஒரே நாளில் பீடியை விட்டார். ஒரு வாரத்தில் கை நடுக்கம், படபடப்பு, வாந்தி. போனில், "விட்டதாலதான்டா இப்படி ஆகுது, திரும்பப் பிடிச்சாத்தான் சரியாகும்போல" என்றார். வீட்டில் எல்லோரும் அதையே நம்பினார்கள். மருத்துவர்தான் கண்டுபிடித்தார். புகையில் உள்ள தார்ப் பொருட்கள், தியோஃபிலினைக் கரைத்து வெளியேற்றும் ஈரலின் வேலையை வேகப்படுத்தும். புகை நின்றால் அந்த வேகம் ஒரே வாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் சேர்வது அதிகம். அளவைக் குறைத்ததும் சித்தப்பா இரண்டே நாளில் தெளிந்தார். அவர் மறுபடி பீடி தொடவில்லை. கம்மோ பேட்ச்சோ போட்டாலும் இது நடக்கும், ஏனென்றால் காரணம் நிகோடின் அல்ல, புகை. காபியிலும் டீயிலும் உள்ள காஃபீனுக்கும் இதே கதைதான். விட்ட முதல் வாரத்தில் பழைய அளவு காபி குடித்தால் படபடவென்று வரும். நான் 5 டீயை 3 ஆக்கினேன், எரிச்சல் கண்கூடாகக் குறைந்தது.

வேப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் 2018இலும், நாடு முழுக்க 2019இலும் மின்-சிகரெட்டைத் தடை செய்துவிட்டார்கள். பிரிட்டனில் சிகரெட்டைக் கைவிட ஓர் உதவியாகவே அதைக் கொடுக்கிறார்கள், அங்கே தரக் கட்டுப்பாடு உண்டு. இங்கே திருட்டுத்தனமாக விற்கும் வேப்புக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எரிச்சலுக்குக் காத்திருக்கும் மூச்சுக்குழாய்க்குள் அதை அனுப்ப வேண்டாம்.

மூலிகை சிகரெட்டுக்கு மட்டும் ஒரு பழைய கதை இருக்கிறது, அதுவும் நம் சென்னையில் தொடங்கியது. ஊமத்தையைப் புகைத்தால் இளைப்பு அடங்கும் என்பது இந்த மண்ணில் தெரிந்திருந்தது. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதை ஜெனரல் ஜென்ட் என்பவருக்குப் பரிந்துரைத்தார். 1802இல் அந்த வழக்கம் பிரிட்டனுக்குப் போய், ஆஸ்துமா சிகரெட் என்ற பெயரில் 20ஆம் நூற்றாண்டு வரை விற்பனையானது. ஊமத்தையில் மூச்சுக்குழாயை விரிக்கும் பொருள் இருப்பது உண்மை. ஆனால் அதோடு விஷமும் உண்டு, புகையும் உண்டு. விரிக்கும் வேலையை இன்று இன்ஹேலர் புகை இல்லாமல் செய்கிறது. துளசி, புதினா என்று இப்போது விற்பவற்றில் நிகோடின் இல்லாமல் இருக்கலாம். எரிவது எந்த இலையானாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். விரலிடுக்கில் வைத்துப் பற்ற வைக்கும் பழக்கமும் அப்படியே உயிரோடு இருக்கும்.

ஒருவர் என்னிடம் வந்து கேட்டால் இப்படிச் சொல்வேன். நாளுக்கு நாலைந்து, எழுந்தவுடன் தேடுவதில்லை என்றால் ஒரு தேதி, உதவி எண், கையில் 2 மில்லிகிராம் கம். அதற்கு மேல், படுக்கையை விட்டு எழும்போதே கை தேடுகிறது என்றால் பேட்ச்சும் கம்மும் சேர்த்து, அல்லது மருத்துவர் ஒப்புக்கொண்டால் வரெனிக்ளின். கூடவே பேசுவதற்கு ஓர் ஆள். டென்மார்க்கில் இளம் ஆஸ்துமாக்காரர்களிடம் வரெனிக்ளினைச் சோதித்தபோது மருந்து சாப்பிட்ட 12 வாரமும் நல்ல பலன் இருந்தது, நிறுத்திய சில மாதங்களில் பலர் பழையபடி திரும்பிவிட்டார்கள். ஆகவே மாத்திரை தீரும் தேதிக்குப் பிறகும் அந்த ஆள் வேண்டும்.

விட்ட முதல் சில வாரங்களில் இருமலும் சளியும் கூடலாம். எனக்கு மூன்று வாரம் இருந்தது. அதைக் கண்டு பயந்து திரும்பிவிடாதீர்கள். அதே மாதிரி, மூச்சு லேசானதும் தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். இத்தனை நாள் முழு பலன் தராத மருந்து இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியிருக்கும். விடுவதற்கு முந்தின வாரம் ஒரு தடவை ஸ்பைரோமெட்ரி (ஊதித் தள்ளும் காற்றை அளக்கும் பரிசோதனை) ஊதிப் பாருங்கள், 6 வாரம் கழித்து இன்னொரு தடவை. என்னுடைய இரண்டு காகிதங்களும் இன்னும் பீரோவில் இருக்கின்றன.