ராயல் கேனின் ரெக்கவரி டின்: சாப்பாட்டை நிறுத்திட்ட வயசான பூனைக்கு வாங்கலாமா?

ராயல் கேனின் ரெக்கவரிங்கிறது நோயில இருந்து தேறி வர்ற நாய், பூனைக்கான டின் சாப்பாடு. முதல்லயே சொல்லிடுறேன், வாங்கலாம், குடுக்குற காசு வீணில்ல. ஆனா பூனை சாப்பிடலைன்னதும் இதை மட்டும் ஆர்டர் போட்டுட்டு டெலிவரி எப்ப வரும்னு வாசலைப் பார்த்துட்டு உக்காரப் போறீங்கன்னா வேண்டாம், அந்த நேரத்துல பூனையைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. ஆன்லைன்ல இதோட ரிவ்யூ எல்லாம் "என் பூனைக்கு ரொம்ப புடிச்சது"ன்னு ஒரு வரில முடிஞ்சிருது, அதுல பாதி குட்டிப் பூனை வச்சிருக்கவங்க, வயசான பூனை வச்சிருக்கவங்களுக்கு அது பத்தாது.

எங்க பூனை பேரு ரங்கூன். 16 வயசு, ஆம்பளப் பூனை. பள்ளத்தூர்ல ஆயா (பாட்டி) வீட்டு முகப்புல நிக்குற பர்மா தேக்குத் தூண் என்ன கலரோ அதே கலர்ல வந்து சேர்ந்ததுனால ஐயா (தாத்தா) வச்ச பேரு. ஐயா இப்ப இல்ல, அவ்ளோ பெரிய வீட்ல ஆயாவும் ரங்கூனும்தான், நான் காரைக்குடில வேலைல இருக்கேன், போய் வந்துட்டு இருப்பேன்.

கொஞ்ச மாசமாவே ரங்கூன் தண்ணி நிறைய குடிச்சுட்டு இருந்துச்சு, வளவுல இருக்குற அண்டாவுல ஏறி ஏறி குடிக்கும், மண்ணு ட்ரேயும் சீக்கிரம் சீக்கிரம் நனைஞ்சுரும், முதுகுல தடவுனா எலும்பு தட்டுப்படும். வயசாயிருச்சுல்லன்னு ஆயா சொல்லிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒரேயடியா சாப்பாட்டை நிறுத்திருச்சு. கவனிச்சுப் பார்த்தா அது பசி இல்லாம இல்ல, தட்டுகிட்ட வரும், மோந்து பார்க்கும், உதட்டை நக்கும், எச்சில் விழுங்கும், திரும்பிப் போயிரும். இந்த உதடு நக்குறதைத்தான் பூனை வச்சிருக்கவங்க எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும், அது ஆசைல நக்குறது இல்ல, குமட்டல்.

ஆயா என்ன சொன்னாங்கன்னா, "பிள்ளையார் நோன்பு புடிக்குது போல, விடு ஆத்தா, பசிச்சா தானா திங்கும்." நாய்க்கு வேணா அது ஓரளவு சரி. பூனைக்கு சரி இல்ல. பூனை ரெண்டு மூணு நாள் ஒண்ணுமே சாப்பிடாம கிடந்தா உடம்புல இருக்குற கொழுப்பெல்லாம் கரைஞ்சு ஈரலுக்குப் போய்ச் சேரும், அவ்வளவையும் ஒரே நேரத்துல சமாளிக்க பூனையோட ஈரலால முடியாது, ஈரலே கொழுப்பாகி மஞ்சக்காமாலை வந்துரும், குண்டுப் பூனையா இருந்தா இன்னும் சீக்கிரம். காது உள்பக்கமும் ஈறும் மஞ்சளா தெரிய ஆரம்பிச்சா ரொம்ப லேட்டுன்னு அர்த்தம். அதனால ஒரு நாள் முழுசா சாப்பிடலைன்னாலே ஃபோன் பண்ணிரணும், வயசான பூனைன்னா அதுக்கும் முன்னாடியே.

நம்ம பக்கத்து சமையல் பத்தி ஒண்ணு சொல்லணும், இது எந்த பெட் ஃபுட் ரிவ்யூலயும் வராது. ஆயா பாசத்துல முதல்ல உப்புக்கண்டத்தை வறுத்துப் பிச்சு வச்சாங்க, அப்புறம் அயிரை மீன் குழம்புல இருந்து மீனைக் கழுவி எடுத்து வச்சாங்க. ரங்கூன் ரெண்டையும் தொடல, நல்லவேளை. செட்டிநாட்டு அடுப்படில சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு எங்க இருக்கு, பூனைக்கு அந்த ரெண்டுமே விஷம், ரத்தத்துல சிவப்பணுவை உடைச்சு ரத்தசோகை ஆக்கிரும், வெந்தாலும் அந்த விஷம் போகாது, குழம்புல ஊறுன மீனைக் கழுவிட்டா போயிரும்னும் இல்ல. உப்புக்கண்டம் சொல்லவே வேண்டாம், கிட்னி போன பூனைக்கு அவ்ளோ உப்பு (ரங்கூனுக்கு கிட்னி கெட்டுப்போனது அப்புறம்தான் தெரிஞ்சது). வீட்டுச் சாப்பாடுதான் குடுக்கணும்னா தொண்டில இருந்து வர்ற மீனையோ கோழியையோ வெறும் தண்ணில உப்பு கூட போடாம வேக வச்சு முள்ளு எலும்பு எடுத்துட்டு குடுங்க, தாளிக்காதீங்க.

காரைக்குடில வீட்டுக்கே வந்து பார்க்குற டாக்டர் ஒருத்தர் இருக்காரு, அவர் வந்தாரு. (பேரு போடல, இருக்குற ஒரு ஆளும் ஃபோன் எடுக்க முடியாம போயிரக் கூடாது.) வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஆச்சி, காய்ச்சல் மாத்திரை எதுவும் பொடி பண்ணிக் குடுத்தீங்களா?" பாரசிட்டமால் பூனை உயிரை எடுத்துரும், ஒரு மாத்திரையே போதும், அதனால அதைத்தான் முதல்ல கேப்பாராம். "இல்ல தம்பி, கஷாயம்தான் குடுக்கலாம்னு இருந்தேன்"னாங்க ஆயா. அவர் ஒண்ணும் சொல்லாம டார்ச் அடிச்சு வாய்க்குள்ள பார்த்தாரு, பல்லுல காரை, நாக்கு ஓரத்துல சின்னதா புண்ணு, அந்தப் புண்ணு கிட்னி கெட்டுப்போன பூனைங்களுக்கு வர்றது. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்புனாரு. கிட்னி கெட்டா ரத்தத்துல கூடுற கிரியாட்டினின் 4.6, தோலுக்கு அடில ரிங்கர் லாக்டேட்ங்கிற ட்ரிப்ஸ் ஏத்தி உடம்புல தண்ணி ஏறினதுக்கப்புறம் திரும்ப எடுத்தப்ப 3.8. 2.9ல இருந்து 5 வரைக்கும் கிட்னி நோயோட மூணாவது ஸ்டேஜ்னு வச்சிருக்காங்க, மொத்தம் நாலு. சரியாகுற நோய் இல்ல, ஆனா சமாளிச்சு ஓட்டலாம்னாரு.

அவர் போட்ட குமட்டல் ஊசி, மாரோபிட்டன்ட்னு பேரு, அதுதான் இந்தக் கதைல ஹீரோ. டின் ரெண்டாவதுதான். ஏன்னா ஊசி போடுறதுக்கு முன்னாடி டின்னைத் திறந்து வச்சப்ப ரங்கூன் மோந்துட்டு முகத்தைத் திருப்பிக்கிச்சு, ஊசி போட்ட மறுநாள் அதே டின், அதே தட்டு, மெதுவா நக்க ஆரம்பிச்சுருச்சு. குமட்டல் இருக்கும்போது எந்தச் சாப்பாட்டை வற்புறுத்திக் குடுத்தாலும் பூனை அந்தச் சாப்பாட்டையே வெறுத்துரும், உடம்பு தேறினப்புறமும் அதைத் தொடாது, இது டாக்டர் சொன்னது. கிட்னி பூனைக்குன்னு தனியா ஒரு சாப்பாடு இருக்குல்ல, அதையும் இதனாலதான் அந்த நேரத்துல ஆரம்பிக்க வேண்டாம்னாரு, நல்லா சாப்பிட ஆரம்பிச்சதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்திக்கலாமாம்.

இப்ப டின்னுக்கு வர்றேன். நாய்க்கும் பூனைக்கும் சேர்த்துப் போடுற டின், 195 கிராம். திறந்தா கறி வாசனை தூக்கலா வரும், உள்ள இருக்குறது கும்மாயம் பதத்துல வழவழன்னு ஒரு விழுது, கட்டி கிடையாது, நார் கிடையாது, பல்லு வலிக்குற பூனை கூட மெல்லாமயே நக்கி முழுங்கலாம். சிரிஞ்ச்ல அடைக்காம போகுது, அதுதான் இதோட பெரிய ப்ளஸ். வீட்ல கோழியை மிக்சில அடிச்சு சிரிஞ்ச்ல ஏத்திப் பாருங்க, அப்பத் தெரியும் இதோட அருமை. கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்குனா இன்னும் சுலபம்.

சூடுதான் முக்கியம். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே வச்சா ஒரு பூனையும் சீண்டாது, பூனை சாப்பிடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதே வாசனையை வச்சுத்தான், சில்லுனு இருந்தா வாசனை வராது, வயசான பூனைக்கு மோப்பமும் குறைஞ்சு போயிருக்கும். ஒரு கிண்ணத்துல கொஞ்சம் எடுத்து, அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ல வச்சு, கையில தொட்டா உடம்புச் சூடு இருக்குற அளவுக்கு ஆக்கிட்டு குடுங்க, அடுப்புல வைக்க வேணாம். தட்டையான தட்டு போதும். ஆயா எங்கேயோ இருந்து ஒரு பழைய பீங்கான் சாஸரை எடுத்துட்டு வந்தாங்க, அதுலதான் இப்ப துரை சாப்பிடுறாரு. ரங்கூன் நக்குறப்ப சாஸர் ஆத்தங்குடி டைல்ஸ்ல வழுக்கிட்டே நகரும், அதும் பின்னாலயே நகர்ந்து நகர்ந்து முகப்புல ஆரம்பிச்சு வளவு வாசப்படில வந்து முடிக்கும், அடில ஒரு ஈரத்துணி போட்டாத்தான் நிக்கும்.

முதல் நாளே முழுசா குடுத்துறாதீங்க. 3 கிலோ பூனை சும்மா படுத்துக் கிடந்தாலே ஒரு நாளைக்கு 160 கிலோ கலோரி பக்கத்துல வேணும், டின்னுல கலோரி போட்டிருக்கும், அதை வச்சுக் கணக்கு பண்ணி முதல் நாள் மூணுல ஒரு பங்கு, மறுநாள் மூணுல ரெண்டு பங்கு, அதுக்கப்புறம் முழுசு, அதையும் சின்னச் சின்னதா அஞ்சாறு வேளையா பிரிச்சு. மீதியை மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சு ரெண்டு நாள்ல தீர்த்துரணும். ஒரு பூனை மட்டும் இருக்குற வீட்ல ஆரம்பத்துல கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும், ஐஸ் ட்ரேல போட்டு ஃப்ரீசர்ல வச்சா ஒவ்வொரு கட்டியா எடுத்துக்கலாம், கரைஞ்சதும் கொஞ்சம் நீர்த்து இருக்கும், அவ்ளோதான்.

தானா நக்காத வேளைக்கு சிரிஞ்ச். மெடிக்கல்ல 5 எம்எல் சிரிஞ்ச் கேட்டு ஊசியை அங்கேயே குடுத்துட்டு வாங்க. ஆயாவோட பழைய கண்டாங்கிச் சேலைல ரங்கூனைச் சுத்தி மடில வச்சுப்போம், தலை மட்டும் வெளில. தலையை மேல தூக்கக் கூடாது, கோரைப்பல்லுக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கும், பக்கவாட்டுல அதுல நுனியை வச்சு அரை எம்எல், ஒரு எம்எல்னு விட்டு, முழுங்கினதைப் பார்த்துட்டு அடுத்தது. நேரா தொண்டைக்குள்ள பீச்சுனா நுரையீரலுக்குப் போயிரும், அது இன்னொரு ஆபத்து. எச்சில் வடிச்சாலோ உறுமுனாலோ நிறுத்திருங்க, அன்னைக்கு அவ்ளோதான். நாலஞ்சு தடவை கழுவுனா சிரிஞ்சோட ரப்பர் இறுகிப்போய் ஒரேயடியா குபுக்குன்னு வெளில தள்ளும், அதனால பத்து ரூபா பாக்காம மாத்திருங்க.

பசி தூண்டுற மாத்திரை ஒண்ணும் எழுதிக் குடுத்தாரு, மிர்டாசபைன். மெடிக்கல்ல சீட்டைக் குடுத்ததும் அந்தத் தம்பி ஒரு மாதிரி பார்த்துட்டு, "அக்கா, இது மனசு சரியில்லாதவங்களுக்கு குடுக்குறதாச்சே, யாருக்கு?"ன்னு மெதுவா கேட்டாப்ல. "ரங்கூனுக்கு"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், வெளிநாட்டுக்கு அனுப்புறோம்னு நினைச்சு ரெண்டு அட்டை எடுத்து வச்சுட்டாப்ல. பூனைக்கு வேண்டியது அதுல ஒரு துணுக்கு, கிட்னி பூனைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு டாக்டர் சொன்னாரு, அளவு நான் இங்க எழுத மாட்டேன், கேட்டு மெசேஜும் பண்ணாதீங்க, அளவு கூடுனா பூனை ராத்திரி பூரா கத்திக்கிட்டு வீட்டைச் சுத்தி வரும், உங்க பூனை எடையைப் பார்த்துட்டு டாக்டர்தான் சொல்லணும்.

டின்னோட சேர்த்து வாங்குன மத்ததுல, சத்து ஜெல்னு ஒரு ட்யூப் (கம்பெனி வேண்டாம்) எங்களுக்கு ஒத்து வரல. இனிப்பா மால்ட் வாசனை, பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது, அதை உணர்ற ஜீன் அதுங்களுக்கு வேலை செய்யாதுன்னு 2005லயே கண்டுபிடிச்சுட்டாங்க, அப்புறம் யாரைக் கவர்றதுக்கு அந்த இனிப்புன்னு தெரியல. முன்னங்கால்ல தடவுனா நக்கிரும்னாங்க, நக்குச்சு, நக்குனது போக மீதி சேலைல. பாக்கெட்ல பிதுக்குற க்ரீம் மாதிரி ட்ரீட் பரவால்ல, டின் விழுது மேல ஒரு கோடு இழுத்து விட்டா அதுக்கு ஆசைப்பட்டு கீழ இருக்குறதையும் சேர்த்து நக்கிரும், ஆனா அதை மட்டுமே குடுத்து ஒப்பேத்தாதீங்க, அது முழுச் சாப்பாடு இல்ல. பால் சாதம் தயிர் சாதமும் அப்படித்தான், பூனைக்கு டாரின்னு ஒரு சத்து கறி மீன்ல இருந்துதான் வரணும், அது சோத்துல கிடையாது.

ஒரு விஷயம் மறந்துறாதீங்க, இந்த டின்ல புரோட்டீன் ஜாஸ்தி, தேறி வர்ற உடம்புக்குத்தான் அது. கிட்னி போன பூனைக்கு மாசக்கணக்கா இதையே போடுறதுக்கு இல்ல. ரங்கூன் இப்ப பாதி ரெக்கவரி பாதி கிட்னி சாப்பாடுன்னு போயிட்டு இருக்கு, எடை கொஞ்சம் ஏறியிருக்கு, முதுகெலும்பு இன்னும் தெரியத்தான் செய்யுது, வாரத்துக்கு ரெண்டு தடவை தோலுக்கு அடில அந்த ட்ரிப்ஸ் ஏத்துறோம், அதை ஆயாவே புடிச்சுக்குறாங்க. ஊசி, டின், மாத்திரை எதுக்கும் அசையாத பூனைன்னா கழுத்து வழியா உணவுக் குழாய் வைக்கலாம், ஸ்கேனும் சேர்த்துப் பார்க்கணும்னா ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதித் தர்றேன்னு டாக்டர் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாரு, எங்களுக்கு அது வரைக்கும் போகல. கடைசி ஸ்டேஜ்ல இருக்குற பூனை வாயில சிரிஞ்ச் வச்சுத் திணிக்குறது எனக்கு உடன்பாடில்ல, அந்த முடிவையும் டாக்டரோட உக்காந்து பேசித்தான் எடுக்கணும்.

வாங்குறதைப் பத்தி: காரைக்குடி கடைகள்ல ட்ரை ஃபுட் மூட்டை மூட்டையா கிடைக்கும், ரெக்கவரி டின் எப்பவும் இருக்காது, ஃபோன்ல கேட்டுட்டுப் போங்க. ஒரு ஆன்லைன் சைட்ல போட்டப்ப எக்ஸ்பைரிக்கு ரெண்டு வாரம் இருக்குற டின்னு வந்துச்சு, அதுவும் ஓரம் நசுங்கி, திருப்பி அனுப்ப நாங்க பட்ட பாடு தனிக் கதை. டின் மூடி உப்பியிருந்தாலோ மடிப்புகிட்ட நசுங்கியிருந்தாலோ திறக்கவே வேண்டாம். மலிவா இருக்குன்னு டஜன் கணக்குல வாங்கி அடுக்காம முதல்ல ரெண்டே ரெண்டு வாங்கிப் பாருங்க, உங்க பூனைக்கு புடிச்சா அப்புறம் வாங்கிக்கலாம்.